கால் மதமதப்பு, மறதி, காரணமில்லாத அழுகை: மூன்றுக்கும் ஒரே வேரா?

கேள்வி: எனக்கு வயது 52. ஊர் மயிலாடுதுறை. ஒன்பது வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. நெஞ்செரிச்சலுக்காக மூன்று வருடமாகத் தினமும் பான்டோபிரசோல் 40. நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. ஆறேழு மாதமாக இரண்டு பாதமும் மதமதவென்று இருக்கின்றன. செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறது. ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போடுகிறேன், பாலை அடுப்பில் வைத்ததே மறந்துபோகிறது. ஒன்றுமில்லாததற்கு அழுகை வருகிறது. 'தீட்டு நின்ற வயசு, அப்படித்தான் இருக்கும்' என்கிறார்கள் வீட்டில். ஹீமோகுளோபின் 11.2, மூன்று மாதச் சர்க்கரை 7.4. மெடிக்கலில் நரம்பு மாத்திரை வாங்கி இரண்டு மாதம் போட்டேன், பகலெல்லாம் தூக்கம்தான் வந்தது. ஐந்து மாத கர்ப்பிணியான மகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சத்து மாத்திரையை ஒரு மாதமாக நானும் போடுகிறேன். முருங்கைக்கீரை, பேரீச்சை, ஸ்பைருலினா எல்லாம் சாப்பிடுகிறேன். சாப்பாட்டிலேயே இதைச் சரிசெய்ய முடியுமா?

பதில்: அம்மா, சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் பார்க்கவேண்டியது ஒன்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சைவச் சாப்பாடு, ஒன்பது வருட மெட்ஃபார்மின், மூன்று வருட பான்டோபிரசோல் என்று தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் கை வைப்பது ஒரே சத்தின்மேல்: வைட்டமின் பி12. பாதத்தில் மதமதப்பு, இருட்டில் தள்ளாட்டம், மறதி, அழுகை, கூடவே லேசான ரத்தசோகை. இவை ஒன்றாக வந்தால் முதலில் எழவேண்டிய சந்தேகம் அதுதான். வயசின்மேல் பழி போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

இதைப் படித்ததும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மெட்ஃபார்மின் நல்ல மருந்து. அது உண்டாக்கும் பி12 குறைவை மெட்ஃபார்மினை விடாமலே சரிசெய்யலாம். நீங்கள் உடனே நிறுத்தவேண்டியது, மகளுக்குக் கொடுத்ததிலிருந்து எடுத்துப் போடும் அந்தச் சத்து மாத்திரையை. காரணம் கீழே.

பி12 உடம்புக்குள் போவது மற்ற வைட்டமின்களைப் போல அவ்வளவு சுலபமில்லை. உணவில் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். இரைப்பையின் அமிலம்தான் அதைப் பிரித்தெடுக்கும். பிறகு இரைப்பையே சுரக்கும் ஒரு துணைப்புரதம் அதைக் கைப்பற்றி, சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கூட்டிப்போய் உள்ளே விடும். பான்டோபிரசோல் அமிலத்தைக் குறைப்பதால் முதல் படி தடுமாறுகிறது. மெட்ஃபார்மின் கடைசிப் படியில், குடல் உறிஞ்சும் இடத்தில் குறுக்கிடுகிறது. கூடுதல் அளவில் பல வருடம் எடுப்பவர்களுக்கு இந்தப் பாதிப்பு அதிகம். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதை மெட்ஃபார்மினின் பொதுவான பக்கவிளைவு என்றே அறிவித்தது. உங்களுக்கோ நுழைவாயிலும் அடைப்பு, வெளிவாயிலும் அடைப்பு. உள்ளே வரும் சரக்கும் சைவத் தட்டில் குறைவு.

'சின்ன வயசிலிருந்து இதே சாப்பாடுதானே, இப்போது மட்டும் எப்படி?' என்று தோன்றும். கல்லீரல் பி12ஐச் சேமித்து வைக்கும். நல்ல நிலையில் உடம்பில் மொத்தம் 2 முதல் 5 மில்லிகிராம் வரை இருக்கும். ஒரு நாள் தேவையோ இரண்டு, இரண்டரை மைக்ரோகிராம்தான். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். ஆகவே வரவு நின்றாலும் சில வருடம் கையிருப்பில் ஓடிவிடும். கையிருப்பு கரைந்து கொண்டிருப்பது வெளியே தெரியாது.

நரம்பின்மேல், மின்கம்பியின் பிளாஸ்டிக் உறை போல, மையலின் என்ற கொழுப்புறை உண்டு. அதைப் பழுதுபார்க்கப் பி12 வேண்டும். நீளமான நரம்புகள் முதலில் அடிபடும், அதனால் பாதத்தில் தொடங்கி மேலே ஏறும். முதுகுத்தண்டில், கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் பாதை ஒன்று இருக்கிறது. அது கெட்டால் கண்ணால் பார்த்துத்தான் காலை வைக்க முடியும். இருட்டில் தள்ளாடுவதும், வாஷ்பேசினில் கண்ணை மூடி முகம் கழுவும்போது ஆடிப்போவதும் அதனால்தான். மூளையில் மனநிலையை நடத்தும் ரசாயனங்கள் உருவாகவும் பி12 வழியாகக் கிடைக்கும் மூலப்பொருள் தேவை. அது குறைந்தால் மறதி, எரிச்சல், சோர்வு, அழுகை. மிகக் கடுமையான நிலையில் சந்தேக எண்ணங்கள், மனப்பிறழ்வுவரைகூடப் போகலாம்.

சர்க்கரை நோயும் பாதத்தை மரக்கச் செய்யுமே என்பீர்கள். செய்யும். இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும். சிக்கலே அங்குதான்: பாதம் மரத்தது என்றவுடன் 'சர்க்கரையால்' என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்த்துவிடுகிறார்கள். சர்க்கரை மட்டுமே காரணமாக இருந்தால் மறதியும் இருட்டில் தள்ளாட்டமும் இவ்வளவு சீக்கிரம் சேர்ந்து வருவது வழக்கமில்லை. உங்கள் 7.4 என்ற எண்ணையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். இரும்புச்சத்தோ பி12ஓ குறைந்து ரத்தசோகை இருந்தால் மூன்று மாதச் சராசரி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். வீட்டில் வெறும் வயிற்றிலும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் ஒரு வாரம் பார்த்துக் குறித்துக்கொண்டு போங்கள். இது பார்க்காமல் சர்க்கரை மருந்தைக் கூட்டினால் தாழ்சர்க்கரையில் போய் முடியலாம்.

இனி அந்த நரம்பு மாத்திரை. அட்டையின் பின்புறத்தைப் படித்துப் பாருங்கள். நம் கடைகளில் அந்தப் பெயரில் விற்பவை பலவற்றில் மெத்தில்கோபாலமினோடு பிரெகாபலின் அல்லது காபாபென்டின் சேர்ந்திருக்கும். மெத்தில்கோபாலமின் என்பது பி12இன் ஒரு வடிவம். பிரெகாபலின் எரிச்சலையும் குத்தலையும் அமுக்கும் மருந்து. மரத்த இடத்தில் உணர்ச்சியை அது திரும்பக் கொண்டுவராது. உங்கள் பகல் தூக்கத்துக்கு அதுவே காரணமாக இருக்கலாம். தள்ளாட்டத்தையும் அது கூட்டும், சிலருக்குக் கால் வீங்கும். நீண்ட நாள் எடுத்தவர் சட்டென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும். இன்னும் கையில் இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள். சில கலவைகளில் பி6 அதிக அளவில் இருக்கும். மாதக்கணக்கில் அதைப் போட்டால் பி6 தானே நரம்பைக் கெடுக்கும். மருந்துக்கடைக்காரரின் கைராசியில் வாங்கக்கூடிய பொருள் இல்லை இது.

மகளுடைய மாத்திரைக்கு வருவோம். கர்ப்பிணிகளுக்கு அரசு தருவதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும், பி12 இருக்காது. பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் ரத்தம் ஊறிவிடும், அறிக்கை அழகாகிவிடும். நரம்பு மட்டும் உள்ளே கெட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் முதலில் அதை நிறுத்தச் சொன்னேன். உங்களுக்கு இரும்பு வேண்டுமா என்பதைப் பரிசோதனை சொல்லட்டும். மகள் தன் மாத்திரையைத் தவறாமல் போடவேண்டும், அதில் பங்கு கேட்காதீர்கள்!

பரிசோதனைக்குப் போகும்போது ஊசி போடுவதற்கு முன்பே ரத்தம் எடுக்கவேண்டும். ஒரு ஊசி போட்டுவிட்டால் ரத்தத்தில் பி12 எண் எகிறிவிடும், பிறகு அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. நரம்பு மாத்திரை ஏற்கெனவே போட்டிருப்பதால் உங்களுக்கு அந்தக் குழப்பம் பாதி வந்தேவிட்டது. பொதுவாக பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு. 200இலிருந்து 300 வரை இரண்டுங்கெட்டான். அங்கே நின்றாலோ, நரம்பு மாத்திரையால் கூடுதலாகக் காட்டினாலோ, வெறும் வயிற்றில் ஹோமோசிஸ்டீன் என்ற ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். பி12 திசுக்களுக்குப் போதவில்லை என்றால் அது ஏறும். ஆனால் சிறுநீரகம் பழுதானாலும், தைராய்டு அல்லது ஃபோலேட் (ஃபோலிக் அமிலச் சத்து) குறைந்தாலும் ஏறும். அதனால் சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினினும் தைராய்டுக்கு டிஎஸ்எச்சும் கூடவே பார்க்க வேண்டும். இன்னும் துல்லியமானது மெத்தில்மலோனிக் அமிலப் பரிசோதனை. விலை கூடுதல், எல்லா ஆய்வகத்திலும் கிடைக்காது. கட்டாயமில்லை.

முழு ரத்த எண்ணிக்கை அறிக்கையில் எம்சிவி என்று ஒரு வரி இருக்கும், சிவப்பணுவின் பருமன். பி12 குறைந்தால் அது 100க்கு மேல் போகவேண்டும் என்பது பாடம். இரும்பும் சேர்ந்து குறைந்திருந்தால், ஒன்று பெரிதாக்க, மற்றொன்று சிறிதாக்க, சராசரி 85, 90 என்று சாதுவாக நிற்கும். நம் ஊர்ப் பெண்களிடம் இது அடிக்கடி நடப்பது. அதனால் இரும்பின் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருப்பவருக்கும் பி12 நரம்புக் கோளாறு வரும், ஆகவே 'ரத்தம் நன்றாக இருக்கிறது, பி12 எதற்கு?' என்ற கேள்விக்கு மசியாதீர்கள். மருத்துவர் 128 ஹெர்ட்ஸ் அதிர்வுக்கவையைத் தட்டிக் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்துப் பார்த்தாரா என்பதையும் கவனியுங்கள். இரண்டு நிமிட வேலை, பல விஷயம் தெரிந்துவிடும்.

குறைபாடு உறுதியானால், நரம்பு அறிகுறி இருப்பதால், ஊசியில்தான் தொடங்கவேண்டும். வழக்கமாக 1000 மைக்ரோகிராம், ஒன்றுவிட்டு ஒரு நாள் என இரண்டு வாரம் போல, பிறகு வாரம் ஒன்று, பிறகு மாதம் ஒன்று. இடைவெளியை மருத்துவர் உங்கள் நிலையைப் பார்த்து மாற்றுவார். அதற்குப் பின் மெட்ஃபார்மின் தொடரும்வரை தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று போதுமானதாக இருக்கலாம். தேவை இரண்டரை, மாத்திரை ஆயிரமா என்று மிரளவேண்டாம். துணைப்புரதத்தின் வழியாக ஒரு வேளைக்கு ஏறுவது ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம்தான். அது போக, எந்த உதவியும் இல்லாமல் குடல்சுவரில் தானாகக் கசிந்து உள்ளே போவது நூற்றில் ஒரு பங்கு. ஆயிரத்தில் பத்து. உங்கள் இரண்டு வாயிலும் அடைபட்டிருந்தாலும் அந்தப் பத்து போய்ச் சேரும். உறிஞ்சப்படாத மிச்சம் மலத்தோடு வெளியேறும். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரைகள் பலவற்றில் பி12 ஐந்து, பத்து மைக்ரோகிராம் என்ற அளவில்தான் இருக்கும். அதில் நூற்றில் ஒன்று என்றால் உங்களுக்கு ஏறுவது கிட்டத்தட்ட சுழியம். அட்டையில் எண்ணை மட்டும் பார்க்காமல் அலகையும் பாருங்கள்: 1500 மைக்ரோகிராம், 1.5 மில்லிகிராம் இரண்டும் ஒன்று.

விலை கூடிய மெத்தில் வடிவம்தான் வேண்டும் என்றில்லை, சயனோகோபாலமினும் வேலை செய்யும். மருந்துக்கான பி12 நுண்ணுயிரிகளை வளர்த்து எடுக்கப்படுவது, இறைச்சியிலிருந்து அல்ல. கேப்சூல் உறை ஜெலட்டினாக இருக்கலாம் என்பதால், விருப்பப்பட்டால் வெறும் மாத்திரையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஊசி தொடங்கி ஒரு வாரத்தில் ரத்தத்தில் மாற்றம் தெரியும், ஹீமோகுளோபின் இரண்டு மாதத்தில் ஏறிவிடும். நரம்பு அப்படி அவசரப்படாது. மூன்று மாதம் கழித்துக் கொஞ்சம், ஆறு மாதம் கழித்து இன்னும் கொஞ்சம். முதல் சில வாரங்களில் குத்தல், எரிச்சல் கூடியதுபோல் தோன்றலாம், அதைப் பார்த்துவிட்டு ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. விடாதீர்கள். ஒரு வருடத்துக்கும் மேலாக மரத்துக்கிடந்த பாதம் முழுதாகத் திரும்பாமலும் போகலாம். உங்களுக்கு ஆறேழு மாதம்தான் ஆகியிருக்கிறது, அதனால்தான் இந்த வாரமே போகச் சொல்கிறேன்.

இப்போது தட்டுக்கு வரலாம். முருங்கைக்கீரை ஃபோலேட்டுக்கும் சுண்ணாம்புச்சத்துக்கும் நல்லது, வாரம் மூன்று நாள் சாப்பிடுங்கள். அதில் பி12 கிடையாது. எந்தக் கீரையிலும், பயறிலும், சிறுதானியத்திலும் கிடையாது. ஸ்பைருலினாவில் இருப்பது பெரும்பாலும் போலி பி12. பழைய பாணி ஆய்வக முறையில் அது பி12 போலவே எண்ணப்படும், மனித உடம்புக்கு உதவாது. பேரீச்சையில் இரும்பு கொட்டிக்கிடக்கிறது என்பது நம் ஊரில் அசையாத நம்பிக்கை. நூறு கிராமில் ஒரு மில்லிகிராம்தான். ஐந்து பழம் சாப்பிட்டால் 25, 30 கிராம் சர்க்கரை வந்துசேரும். உங்களுக்கு அது வேண்டாத வியாபாரம்.

புளித்த மாவிலும் பழைய சோற்றிலும் பி12 ஊறும் என்றும் சொல்வார்கள். நம்பி இருக்கும் அளவுக்கு ஊறாது. குடலிலேயே உற்பத்தியாகிறதே என்பதில் ஓரளவு உண்மை உண்டு. சிறுகுடல் நுண்ணுயிரிகள் பி12 தயாரிக்கின்றன என்பதை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1980இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். ஆனால் குடல் உற்பத்தியில் பெரும்பகுதி பெருங்குடலில் நடப்பது, உறிஞ்சும் இடத்தைத் தாண்டிய பிறகு. பந்தி முடிந்த பின் வந்த பாயசம்.

சைவத்தில் உருப்படியான மூலம் பாலும் தயிரும்தான். நூறு மில்லி பாலில் ஏறத்தாழ 0.4 மைக்ரோகிராம். இரண்டு வேளைக் காபிக்கும் சேர்த்து 150 மில்லி, மதியம் ஒரு கிண்ணம் தயிர் 150 கிராம் என்றால் கணக்கில் 1.2 வருகிறது. பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சினால் அதிலும் ஒரு பகுதி போகும். ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். நீர்மோரில் தயிரின் பங்கை மட்டும் எண்ணுங்கள். காபிப்பாலைத் தவிர ஒரு தம்ளர் பால், இரண்டு கிண்ணம் தயிர், வாரம் இரண்டு நாள் பனீர் என்று கூட்டினால் ஆரோக்கியமான ஒருவருக்குப் போதுமானதாக இருக்கும். உங்கள் கேள்விக்கு நேரான பதில்: இப்போதிருக்கும் பள்ளத்தை உணவால் நிரப்ப முடியாது. நிரப்பிய பிறகு மாத்திரைக்குத் துணையாக உணவு வரும்.

ரேஷன் அரிசி வாங்கினால் ஒன்று கவனியுங்கள். அதில் கொஞ்சம் வேறு நிறமான, தண்ணீரில் மிதக்கும் மணிகள் கலந்திருந்தால், அவை 'பிளாஸ்டிக் அரிசி' இல்லை. இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டிய மணிகள். பலரும் பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். கிலோவுக்கு 0.75 முதல் 1.25 மைக்ரோகிராம் பி12 என்பது விதி, ஆக ஒரு நாள் 300 கிராம் அரிசியில் 0.3 கிடைத்தால் பெரிது. சிறு துளிதான், ஆனாலும் எறியவேண்டாம். பலமுறை கழுவாமல், கஞ்சி வடிக்காமல் அளவுத் தண்ணீரில் வேகவையுங்கள்.

காபி பி12ஐக் கெடுக்காது. இரும்பைத் தடுக்கும். சாப்பாட்டோடும் சாப்பிட்ட கையோடும் குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். பருப்பு, கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் இரும்பு நன்றாக ஏறும்.

நெஞ்செரிச்சலுக்கு மூன்று வருடமாக மாத்திரை தேவைப்படுகிறதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம், கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குலக் கட்டை, காலையில் வெறும் வயிற்றுக் காபியை விடுவது: பலருக்கு இதிலேயே பாதி அடங்கும். பான்டோபிரசோலை ஒரேயடியாக நிறுத்தினால் அமிலம் முன்னைவிட அதிகமாகப் பொங்கும், அதைப் பார்த்துவிட்டு 'மாத்திரை இல்லாமல் முடியாது' என்று திரும்பவும் தொடங்கிவிடுவார்கள். அளவைக் குறைத்து, ஒன்றுவிட்டு ஒரு நாளாக்கி, சில வாரங்களில் விடுவதே முறை.

மனசைப் பற்றி. எல்லா அழுகைக்கும் பி12 காரணமாகாது. தைராய்டு, தூக்கக்குறைவு, மாதவிலக்கு நின்ற பின் வரும் மாற்றங்கள், தனியாகவே வரும் மனச்சோர்வு நோய் எதுவும் இருக்கலாம். ஊசி தொடங்கி இரண்டு மாதத்தில் மனநிலை தேறவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் இரண்டு மாதம் காத்திருக்கக்கூடாது. 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், இலவசம். நடப்பது மனசுக்கும் சர்க்கரைக்கும் நல்லது, ஆனால் தள்ளாட்டம் தீரும்வரை வெளிச்சத்தில், சமதரையில், துணையோடு மட்டும். பின்வார் வைத்த செருப்பு போடுங்கள். குளிக்கும் வெந்நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பாருங்கள். தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் படுங்கள். இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் மகள் வளர்ந்ததும் இதே அடுப்படிச் சாப்பாட்டில்தான். அவருக்கு மெட்ஃபார்மின் தடை இல்லாமல் இருக்கலாம், ஆனால் கையிருப்பு குறைவாக இருக்க வாய்ப்புண்டு, வயிற்றில் குழந்தையும் அதிலிருந்துதான் எடுக்கிறது. பி12 குறைந்த தாயின் பாலிலும் அது குறைவாகவே இருக்கும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் அந்தக் குழந்தைகளில் சிலர் நாலைந்து மாதம்வரை நன்றாக இருந்து, பிறகு சிரிப்பதைக் குறைத்து, நின்ற கழுத்து மறுபடி சாய்ந்து, கைகால் நடுங்கத் தொடங்குவதுண்டு. தாய்க்கு முன்கூட்டியே கொடுத்தால் இதைத் தவிர்க்கலாம். அடுத்த முறை சுகாதார நிலையத்துக்குப் போகும்போது 'நாங்கள் சைவம், அம்மாவுக்கு பி12 குறைவு என்று சந்தேகம், எனக்கும் பார்க்கவேண்டும்' என்று இதே வார்த்தைகளில் சொல்லச் சொல்லுங்கள்.